டிஜிட்டல் பியானோவில் ட்யூனிங் ஸ்கேலும் பெடலும்: தம்பூராவோடு வாசிக்கும் வீட்டுக்கு ஒரு விரிவான பதில்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் மூன்று பெடல் கொண்ட டிஜிட்டல் பியானோ இருக்கிறது. மகள் காலையில் அதில் ட்ரினிட்டி இசைத் தேர்வுக்குப் பயிற்சி செய்கிறாள். மாலையில் அம்மிச்சி எலக்ட்ரானிக் தம்பூராவை 5 கட்டையில் வைத்துத் தேவாரம் பாட, பேத்தி அதே பியானோவில் கூட வாசிக்கிறாள். அப்போதெல்லாம் "என்னமோ உரசுது கண்ணு" என்று அம்மிச்சி சொல்கிறார். மெனுவில் ஈக்வல், ப்யூர் மேஜர், ப்யூர் மைனர், பித்தகோரியன், மீன்டோன், வெர்க்மைஸ்டர், கிர்ன்பெர்கர் என்ற பெயர்களும், ஹாஃப் பெடல் பாயின்ட், சாஃப்ட் பெடல் டெப்த் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன; எதை எப்படி வைப்பது என்பதே கேள்வி.

அம்மிச்சியின் காதில் பிழையில்லை. தம்பூராவோடு ஒற்றைச் சுரமாக வாசிக்கும்போது ஒரு ஸ்கேலும், கார்டுகளோடு, அதாவது பல சுரங்களை ஒருசேர அழுத்தி, தேர்வுப் பாடம் வாசிக்கும்போது வேறொரு ஸ்கேலும் பொருந்தும். பெடலை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதும் அதையொட்டியே மாறும்.

ஸ்கேலைத் தொடும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்போஸ், ட்யூனிங், ட்யூனிங் ஸ்கேல் என மூன்று தனித்தனி அமைப்புகள் மெனுவில் அடுத்தடுத்து இருப்பதால் பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரான்ஸ்போஸ் என்பது எல்லாச் சுரங்களையும் அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி இறக்குவது. ட்யூனிங் என்பது மொத்த வாத்தியத்தையும் மிக நுண்ணிய அளவில் நகர்த்துவது. நடு 'ஏ' 440 ஹெர்ட்ஸ் என்பது இதன் பொதுநிலை. ட்யூனிங் ஸ்கேல், சில கம்பெனிகளின் மெனுவில் டெம்பரமென்ட், என்பது சுரங்களுக்கு இடையே உள்ள தூரங்களையே மாற்றுவது. உரசல் இவற்றுள் எதனால் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தம்பூராவை 5 கட்டையில், அதாவது 'ஜி'யில், ஓடவிட்டுப் பியானோவில் அதே 'ஜி'யை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். ஒலி மெதுவாகப் பெருகியும் அடங்கியும் அலைந்தால் சட்ஜமே, அதாவது 'ஸ'வே, சேரவில்லை என்று பொருள். பள்ளி இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தது இதைத்தான். தம்பூராவின் நுண்சுருதித் திருகியை மெல்லத் திருப்பினால் விம்மல் நிதானித்து நின்றுவிடும். பியானோவை நகர்த்துவதைவிடத் தம்பூராவை நகர்த்துவதே மேல். பியானோ 440-இலேயே இருந்தால் மறுநாள் காலைப் பயிற்சிக்கு மாற்ற வேண்டியதில்லை.

சட்ஜம் நின்றது, பஞ்சமமும் ('ப') ஏறக்குறைய நிற்கிறது, ஆனால் காந்தாரம் ('க') மட்டும் உரசுகிறது என்றால் கோளாறு ஸ்கேலில் இருக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். தம்பூராவின் சட்ஜத் தந்தியைக் கவனித்துக் கேட்டால் உள்ளே ஓர் அந்தர காந்தாரம் தானாகவே ஒலிப்பது தெரியும். அது அந்தத் தந்தியின் ஐந்தாவது மேற்சுரம், அதாவது தந்தியின் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கில் கூடவே எழும் ஒலி. ஸ்வயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது அதையே. சட்ஜம் 196 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்தாவது மேற்சுரம் 980 ஹெர்ட்ஸில் விழும். ஈக்வல் ஸ்கேலில் உள்ள பியானோவில் உங்கள் மகள் காந்தாரமாக வாசிக்கும் 'பி' 493.9 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாவது மேற்சுரம் ஏறக்குறைய 988. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் நொடிக்கு எட்டு முறை விம்மும். சட்ஜம் சேராதபோது வரும் விம்மல் மெதுவானது, எண்ணிவிடலாம். இது வேகமானது என்பதால் அலையாகத் தோன்றாமல் ஒரு கரகரப்பாகத் தோன்றும். அம்மிச்சி அதை உரசல் என்றது மிகப் பொருத்தமான விவரிப்பு.

பியானோ ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த மேல் 'ஸ' வரை உள்ள தூரத்தை, 1200 சென்ட் என்று கொண்டால் இயற்கையான பஞ்சமம் 702 சென்ட். நம் பழைய பெயர்களில் சட்ஜம் குரல், பஞ்சமம் இளி. குரலிலிருந்து இளி, அந்த இளிக்கு இளி என்று பன்னிரண்டு முறை ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்து சேர வேண்டும். ஆனால் வருவதில்லை, ஏறக்குறைய 23.5 சென்ட் மிஞ்சிவிடுகிறது. அந்த மிச்சத்தை எங்கே ஒளித்துவைப்பது என்பதில்தான் மெனுவில் உள்ள பெயர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஈக்வல் ஸ்கேல் அதைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு சென்ட் குறைத்துவிடுகிறது. எனவே பஞ்சமம் 700-இல் காதுக்குத் தெரியாத அளவுக்கே பிசகுகிறது. ஆனால் இயற்கையில் 386-இல் இருக்க வேண்டிய அந்தர காந்தாரம் 400-இல் போய் நிற்கிறது. 884-இல் இருக்க வேண்டிய சதுச்ருதி தைவதம் ('த') 900-இல் நிற்கிறது. இந்த 14, 16 சென்ட்தான் தம்பூராவின் முன் அம்பலப்படுகிறது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இந்த மிச்சத்தையே பிடித்துக்கொண்டு, சுரங்களை 3:2 போன்ற விகிதங்களில் வைக்கும் பின்னக் கணக்கை மறுத்து, சமப் பகுப்பே தமிழிசையின் முறை என்று வாதிட்டார். மறுபுறம், ஹார்மோனியத்தின் நிலையான சுரங்கள் நம் இசைக்கு ஒவ்வாதவை என்ற வாதம் வலுத்து 1940-இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971-இல்தான் தளர்வு வந்தது. கோபியில் ஒரு வீட்டின் மாலைப் பொழுதில் எழுந்திருப்பது அதே வழக்கின் சிறு கிளை.

மற்ற ஸ்கேல்களில் பித்தகோரியன் பதினொரு பஞ்சமங்களைத் தூய்மையாக வைத்துக்கொண்டு காந்தாரத்தை 408 சென்ட் வரை ஏற்றிவிடும். தம்பூராவோடு அது ஈக்வலைவிட மோசம். மீன்டோன் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புழங்கியது. அதன் வழக்கமான வகையில் காந்தாரம் தூய்மை, பஞ்சமம் 696.6, ஆனால் பஞ்சமங்களின் சுற்றில் ஒரு மூலையில் உள்ள ஜி ஷார்ப், ஈ ஃப்ளாட் ஜோடி 738 சென்ட் வரை அகன்று ஊளையிடும். வெர்க்மைஸ்டரும் கிர்ன்பெர்கரும் சி மேஜர், டி மேஜர் என எந்தச் சுருதியிலும் வாசிக்கக்கூடிய, ஆனால் சுருதிக்குச் சுருதி குணம் மாறும் நடுவழிகள். முன்னது 1691-இல் அச்சானது. காசியோவின் சில மாடல்களில் குர்ஜரி தோடி, சந்திரகௌன்ஸ், சாருகேசி என்ற பெயர்களும் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சுரங்களின் இடத்தைத்தான் அவை நகர்த்தும். கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, கொண்டுவந்து தராது.

அம்மிச்சிக்காக வைக்க வேண்டியது ப்யூர் மேஜர், பேஸ் நோட் 'ஜி'. பேஸ் நோட்டை மறந்துவிட்டு ஸ்கேலை மட்டும் மாற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் வாத்தியம் 'சி'யையே சட்ஜமாகக் கொண்டு கணக்கிடும், 5 கட்டைப் பாட்டில் சில சுரங்கள் ஈக்வலைவிட அதிகமாகப் பிசகும். ஸ்கேலை மாற்றிய பிறகு சட்ஜத்தைத் தம்பூராவோடு மறுபடியும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். உங்கள் மகள் 'சி'யில் விரல் வைத்து டிரான்ஸ்போஸ் மூலம் 5 கட்டைக்குப் போகிறவளாக இருந்தால், பேஸ் நோட் விரல் வைக்கும் கீயைக் குறிக்கிறதா, கேட்கும் சுரத்தைக் குறிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒலி அசையாமல் நின்றால் பேஸ் நோட் சரி, கரகரத்தால் மற்றதை வைத்துப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். கொங்கு நாட்டுத் தலமான அவிநாசியின் மேல் சுந்தரர் பாடிய பதிகம் குறிஞ்சிப் பண். அதை இன்று ஹரிகாம்போதியில் பாடுகிறார்கள். 5 கட்டையில் அதன் சுரங்கள் ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப். ப்யூர் மேஜரில் 'பி' 14 சென்ட் இறங்கிவிடும்; தம்பூராவுக்குள் ஒலிக்கும் காந்தாரத்தோடு அது ஒன்றிப்போவதை முதல் தடவையிலேயே உணர்வீர்கள். தைவதமான 'ஈ'யும் 16 சென்ட் இறங்கும். கைசிகி நிஷாதமான 'எஃப்' மட்டும் கவனிக்க வேண்டிய சுரம். மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களுக்கு வெளியே இருப்பதால், அதை 16:9 என்ற விகிதத்தில் 996-இல் வைப்பதா, 9:5 என்ற விகிதத்தில் 1018-இல் வைப்பதா என்பது வடிவமைத்தவரின் தேர்வு. இரண்டுக்கும் 22 சென்ட் வித்தியாசம். மத்தியமமான 'சி'யோடு 'எஃப்'பைச் சேர்த்து அழுத்தினால் எந்த வகை என்று தெரிந்துவிடும்: 996 என்றால் இரண்டும் தூய மத்தியம உறவில் அமைதியாக நிற்கும், 1018 என்றால் கரடுமுரடாகக் கேட்கும். கரடுமுரடாக இருந்தால், ஒவ்வொரு சுரத்தையும் தனியே நகர்த்தும் யூசர் ஸ்கேல் உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிஷாதத்தில் நிற்காமல் கடந்து போகச் சொல்லுங்கள்.

இந்த ஸ்கேலில் இடது கை கார்டு வாசிக்கக் கூடாது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். ஜி, சி, டி மேஜர் கார்டுகள் மூன்றும் மிக இனிமையாக இருக்கும், அதில் ஏமாந்து ஏ மைனருக்குப் போனால் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் இடையே உள்ள பஞ்சமம் 680 சென்ட்டாகச் சுருங்கியிருப்பது தெரியும். வாத்தியமே கெட்டுவிட்டதோ என்று தோன்றும். தம்பூரா இருக்கும்போது கார்டு தேவையும் இல்லை. மந்திர (கீழ் ஸ்தாயி) சட்ஜமும் பஞ்சமமும் போதும். அதேபோல் கௌசிகப் பண்ணை, அதாவது பைரவியை, அம்மிச்சி பாடும்போது எந்த ஸ்கேலை வைத்தாலும் பியானோ கூடவே சுரம் சுரமாக வருவது பொருந்தாது. அந்த ராகத்தின் உயிர் சுரங்களுக்கு நடுவே உள்ள அசைவில் இருக்கிறது. பியானோவின் கீ அசையாது. அங்கே சட்ஜ பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதே நல்ல பக்கவாத்தியம் என்பது என் கருத்து.

காலைப் பயிற்சிக்கு ஈக்வல் மட்டுமே. தேர்வு அறையில் இருக்கும் பியானோ அப்படித்தான் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். காது அதற்குப் பழக வேண்டும். தேர்வுப் பாடங்களில் ஒன்று பரோக் காலத்ததாக (17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) இருந்தால் விடுமுறை நாளில் வெர்க்மைஸ்டரை 'சி'யில் வைத்து வாசித்துப் பார்க்கலாம். அதில் சி, எஃப் மேஜர்களின் காந்தாரம் 390 சென்ட்டில் அமைதியாகவும், சி ஷார்ப், எஃப் ஷார்ப் பக்கம் 408 சென்ட்டில் இறுக்கமாகவும் இருக்கும். பாட்டின் நடுவே ஒரு மேஜரிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஏன் அந்தக் காலத்தில் ஒரு நிகழ்ச்சியாக இருந்தது என்பது விளக்கமில்லாமலே புரியும். மிடி வழியாகக் கணினியில் பதிவு செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மிடி எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதைத்தான் அனுப்பும், ஸ்கேலை அனுப்பாது. ப்யூர் மேஜரில் வாசித்தது கணினியின் பியானோ ஒலியில் ஈக்வலாகவே திரும்பி வரும்.

இனி பெடல். வலது பெடல், அதாவது டேம்பர், இரண்டு வகை. அடிப்படை மாடல்களோடு பெட்டியில் வரும் சிறிய சதுரப் பெடல் வெறும் ஸ்விட்ச். உண்டு, இல்லை என்ற இரண்டு நிலை மட்டுமே அதற்குத் தெரியும். உங்களுடையது போன்ற மூன்று பெடல் அமைப்புகளில் பெரும்பாலும் வலது பெடல் அழுத்தத்தின் அளவையும் உணரும். உண்மையான பியானோவில் பெடலைப் பாதி அழுத்தினால், ஒலியை அடக்கும் டேம்பர் துணிகள் தந்தியை விட்டு முழுவதும் விலகாமல் உரசியபடி நிற்கும், ஒலி முழுதாக நீளாமலும் சட்டென அறுபடாமலும் கரையும். அந்தப் பாதி நிலை பெடலின் எந்த ஆழத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே ஹாஃப் பெடல் பாயின்ட். கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை வாசித்து, கீயை விட்டுவிட்டு, பெடலை மிக மெதுவாக மேலே விட்டுப் பாருங்கள். ஒலி கரையத் தொடங்கும் இடம் மகளின் பாதம் இயல்பாக ஓய்ந்திருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பாதத்தின் எடையே ஒலியை நீட்டிவிடும் அளவுக்கு மேலே இருந்தால், எந்தப் பாடமும் தெளிவில்லாமல் குழம்பும். ஆசிரியர் விரலைத் திருத்திக்கொண்டே இருப்பார், தவறு பெடலில் இருக்கும்.

இந்த அமைப்பைச் சரிசெய்யும் முன் பெடல் பலகையின் அடியில் பாருங்கள். ஸ்டாண்டோடு வரும் பல மாடல்களில் அங்கே ஒரு திருகு இருக்கும். அது தரையைத் தொடும்வரை திருகிவிட வேண்டும். தொடாவிட்டால் அழுத்தும்போது பலகையே வளைந்து, பெடல் எவ்வளவு இறங்கியது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தனிப் பெடல் வைத்திருப்பவர்களுக்கு மொசைக் தரையும் டைல்ஸ் தரையும் பகை. பெடல் வழுக்கிக்கொண்டே முன்னால் போகும். அடியில் ஒரு ரப்பர் விரிப்புத் துண்டைப் போட்டுவிட்டால் போதும்.

டேம்பர் ரெசொனன்ஸ் என்ற அமைப்பு, பெடலை அழுத்தியதும் மற்றத் தந்திகளும் சேர்ந்து ஒலிப்பதைப் போலச் செய்வது. ஸ்கேலும் பெடலும் ஒன்றையொன்று பாதிக்கும் இடம் இதுவே. ஈக்வலில் நடு 'சி'யையும் அதற்கு மேலுள்ள 'ஈ'யையும் பெடலோடு சேர்த்து நீட்டினால் நொடிக்குப் பத்து விம்மல் கேட்கும். பெடல் நீள நீள மற்ற ஒலிகளோடு கலந்து அது ஒரு பொதுவான மினுமினுப்பாகிவிடும். நாம் பியானோ ஒலி என்று பழகியதில் ஒரு பகுதி இந்த மினுமினுப்பு. ப்யூர் மேஜரில் அதே ஜோடி அசையாமல் நிற்கும். ஆனால் பெடலை அழுத்தியபடியே ரிஷபத்திலிருந்து தைவதத்துக்குப் போனால் அந்த 680 சென்ட் பஞ்சமம் மறைய இடமின்றி வெளியே நீளும். ஆகவே மாலை வாசிப்பில் வலது பெடலைத் தொடாமல் இருப்பதே நல்லது. வேண்டுமென்றால் ஒரு வரியின் கடைசிச் சுரத்தில் மட்டும் அழுத்தலாம். அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது ராகத்துக்கு ஒருபோதும் உதவாது. தேர்வுப் பாடத்தில் அழகாக இருக்கும் அந்தக் கலப்பு இங்கே அழுக்காகத் தெரியும்.

நடுப் பெடலைப் பலர் தொடுவதே இல்லை, உங்கள் வீட்டுக்கு அதுதான் மிகவும் பயன்படும். அழுத்தும் நேரத்தில் எந்தக் கீகள் கீழே இருக்கின்றனவோ அவற்றை மட்டும் நீட்டிப் பிடிப்பது அதன் வேலை. பிறகு வாசிப்பவை வழக்கம்போல் அறுந்து அறுந்தே கேட்கும். மந்திர 'ஜி'யையும் 'டி'யையும் இடது கையால் அழுத்தி, நடுப் பெடலை மிதித்து, கையை எடுத்துவிட்டால் அடியில் சட்ஜ பஞ்சமம் ஒலித்துக்கொண்டிருக்க, வலது கை தெளிவாகப் பதிகத்தை வாசிக்கலாம். பியானோ ஒலியில் அது சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். ஆர்கன் ஒலிக்கு மாற்றினால் பெடலை விடும்வரை தேயாது. மின்சாரம் இல்லாத நேரத்தில், பியானோ பேட்டரியில் ஓடக்கூடியதாக இருந்தால், தம்பூராவுக்கு இதுவே மாற்று.

இடது பெடல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை அது மென்மையாக்காது. மிதித்த பிறகு வாசிக்கும் சுரங்களுக்கே பொருந்தும். சாஃப்ட் பெடல் டெப்த் 1 முதல் 10 வரை இருந்தால் நடுவில் வையுங்கள். மிக ஆழமாக வைத்துப் பழகினால் தேர்வு அறைப் பியானோவின் இடது பெடல் வேலை செய்யவில்லை என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

மின்தடை அடிக்கடி வரும் ஊர் என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். பல மாடல்கள் ஸ்விட்சைப் போடும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையை ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். வாசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கால் பெடலிலேயே இருக்க, கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் செய்தால் பெடல் தலைகீழாகிவிடும்: மிதித்தால் ஒலி அறுபடும், விட்டால் நீளும். பழுது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடிக் கோவைக்குத் தூக்கிப்போக வேண்டாம். காலை எடுத்துவிட்டு ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். இரண்டாவது, ஸ்கேலும் பேஸ் நோட்டும் பல மாடல்களில் அணைத்தவுடன் ஈக்வலுக்குத் திரும்பிவிடும். பேக்கப் அல்லது ஸ்டார்ட்அப் செட்டிங் என்ற அமைப்பு இருந்தாலும் அதில் ப்யூர் மேஜரைச் சேமித்துவைக்காதீர்கள்; காலையில் அதைக் கவனிக்காமல் மகள் பயிற்சியைத் தொடங்கிவிடுவாள். நினைவகப் பொத்தான்கள் இருந்தால் ஒன்றில் ஈக்வலையும், இன்னொன்றில் 'ஜி' பேஸ் நோட்டோடு ப்யூர் மேஜரையும் போட்டு, இரண்டாவதன் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால், மாலையில் மெனுவைத் திறந்து இரண்டு அமைப்புகளை மாற்றும் வேலையைப் பேத்தியிடமே விட்டுவிடலாம். வாசித்து முடித்ததும் அணைத்தால் அது பெரும்பாலும் தானாக ஈக்வலுக்குத் திரும்பிவிடும்.